அவுரி வெளுத்த கூந்தல்

பள்ளிக்கூடம் விட்டு நின்ற வருஷமே எனக்கு நரைக்கத் தொடங்கிவிட்டது. பித்தநரை என்றார்கள். முதலில் காதோரம் நாலைந்து மயிர், பிறகு நெற்றிக்கு மேலே ஒரு கொத்து. அம்மா பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தாள். பிடுங்க முடியாத அளவுக்கு ஆனதும், வேலூரில் எங்கள் அடுத்த வீட்டில் இருந்த பீபியம்மாவிடம் அழைத்துப் போனாள்.

என் பிறவி நிறமே நல்ல கறுப்பு அல்ல. புளியங்கொட்டைத் தோல் போல ஒரு பழுப்பு. அந்த நிறத்தை அப்படியே கொண்டுவந்தார் பீபியம்மா. முதல் நாள் மருதாணி, மறுநாள் அவுரி இலைப்பொடி. மருதாணி மட்டும் போட்டால் நரை செக்கச்செவேலென்று ஆகிவிடும். அதன் மேல் அவுரியின் நீலம் படிந்தால்தான் பழுப்பு வரும்.

"மருதாணி வூட்டுக்காரன் மாதிரிம்மா, ஒக்காந்தா எழுந்துக்க மாட்டான். அவுரி விருந்தாளி. மரியாதை கொஞ்சம் கம்மியானாலும் கெளம்பிப் போய்டும். அப்புறம் செவப்புதான் மிச்சம்" என்றார். அந்த மரியாதை என்னவென்றும் சொன்னார். அவுரி போட்ட பின் இரண்டு நாள் தலையை நனைக்கக் கூடாது. சுடுதண்ணீரும் சவுக்காரமும் ஆகவே ஆகாது. வெயிலில் முக்காடு இல்லாமல் நடக்கக் கூடாது.

ஆம்பூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். அப்பா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணுக்கு நரை இருக்குது தம்பி. சாயம் பூசறோம். மறைச்சுக் கட்டிக் குடுக்க எனக்கு மனசில்ல" என்று சொல்லிவிட்டார்.

"இதெல்லாம் ஒரு விஷயமா? எங்கம்மாகிட்ட மட்டும் இப்ப சொல்ல வேணாம். நானே சமயம் பாத்து சொல்றேன்" என்றாராம். அப்பாவுக்கு நிம்மதி. எனக்கும்தான். கோயிலில் பாதிரியார் முன்னால் மோதிரம் போட்டபோது இந்த மனிதரிடம் மறைக்க ஒன்றுமில்லை என்ற சந்தோஷத்தோடு நின்றேன்.

ஆம்பூரில் அவர் அம்மா, என் அத்தை, நல்லவள். கணவரை இழந்தவள், கல்யாணமாகாத மகளையும் பறிகொடுத்தவள். அந்த வீட்டில் செத்துப்போனவளைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனாலோ என்னவோ, என்னை மகளைப் போலவே வைத்துக்கொண்டாள். சனிக்கிழமைதோறும், மறுநாள் கோயிலுக்குப் போக வேண்டுமென்று, தலையில் எண்ணெய் வைத்துத் தானே தேய்த்துவிடுவாள். ஷாப்பில் தோல் ஊறவைத்துக் கழித்த பட்டைச் சக்கையை எரித்து, அண்டா நிறையக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் காய்ச்சி, "நானே ஊத்தறேன், நீ குனி" என்பாள். சவுக்காரத்தையும் அவளே போட்டு அலசுவாள். அந்தப் பிரியத்தில்தான் என் அவுரி கரைந்து போயிற்று.

அவர் இன்னும் சொல்லவில்லை என்பதால், அவள் சந்தைக்குப் போகும் நேரத்தில் அவசர அவசரமாகப் பூசிக்கொள்வேன். இரண்டு நாள் எங்கே விடுவது? அவள் திரும்புவதற்குள் அலசியாக வேண்டும். மருதாணி பிடித்துக்கொள்ளும், அவுரி பிடிக்காது. பூசப் பூசச் சிவப்பு ஏறிக்கொண்டே போயிற்று. வாசலில் நின்றால் நெற்றி மயிர் செம்புக் கம்பி போல மின்னியது.

ஒரு நாள் அத்தை என் பின்னலைக் கையிலெடுத்து நெடுநேரம் பார்த்தாள். "இன்னாடி இது, முடி செம்பட்டையாவுது?"

"வெயிலு அத்தே" என்றேன்.

அன்றிலிருந்து எனக்குத் தினம் ஒரு முட்டை, கேழ்வரகுக் கஞ்சி, கிடைத்தால் ஆட்டு ஈரல். அப்புறம் என் தட்டும் டம்ளரும் தனியாகப் போயின. நான் தும்மினால்கூட அவள் கை வேலை நின்றுவிடும். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரிடம் கேட்டேன். அவர் முகம் மாறியது.

"எங்க அக்காவுக்குக் காசநோய். கடைசி வருஷம் அவ முடி இப்டித்தான் செவந்து போச்சு" என்றார்.

"அய்யோ, அப்ப அத்தை நான் சாவப் போறேன்னு நெனைக்கிறாங்களா? இன்னைக்கே சொல்லிடுங்க."

"கொஞ்சம் பொறு. நெறத்த சரி பண்ணிட்டா அவங்களே மறந்துடுவாங்க."

நிறத்தைச் சரிபண்ணத்தான் பார்த்தார். கடையில் அவுரிப்பொடி வாங்கி வந்தார். அது பழசு. பச்சை மாறி மண்ணாய்க் கிடந்தது, ஒட்டவே இல்லை. பிறகு ஷாப்பிலிருந்து கடுக்காய் கொண்டுவந்தார். இரும்புச் சட்டியில் ஊறவைத்துப் பூசினேன். மயிர் தேங்காய் நார் போல விறைத்து, முன்பக்கம் சாம்பலும் பின்பக்கம் சிவப்புமாகக் கிடந்தது. அத்தை பார்த்துவிட்டு உள்ளே போய் ஜெபம் செய்தாள். ஒவ்வொரு தடவையும், "சொல்லுங்களேன்" என்பேன். "சொல்றேன், சொல்றேன்" என்பார். தாயும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மூலையில் என் தனித்தட்டோடு நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு பகல், அவர் வேலைக்குப் போயிருந்தார். அத்தை என் புடவைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நாளைக்குக் காலையில வேலூருக்குப் போலாம். டாக்டரம்மா பாக்கட்டும். நானும் ஆஸ்பத்திரியிலயே ஒங்கூட இருக்கறேன்" என்றாள். பிறகு, "இப்டித் திரும்பி ஒக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். என் முதுகில் காதை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நல்லா இழுத்து மூச்சு வுடு."

விட்டேன்.

"இன்னொரு வாட்டி."

ரவிக்கை முதுகில் ஈரமாயிற்று. அவள் அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அத்தே, எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. இது சாயம். எனக்கு நரை. சின்ன வயசுலயே வந்துடுச்சு."

பின்னலை அவிழ்த்து, வகிட்டை விலக்கி அடிமயிரைக் காட்டினேன். விரலை எச்சில் தொட்டு வேரில் தேய்த்துப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"நரையா?" என்றாள். "வெறும் நரையா?"

"ஆமா அத்தே."

சுவரோடு சரிந்து உட்கார்ந்து, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டாள். மூச்சு ஒழுங்குக்கு வந்த பிறகு, "அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

நான் அவிழ்த்த பின்னலைத் திரும்பப் பின்னத் தொடங்கினேன்.

"தெரியுமாடி?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும் அத்தே."

சாயங்காலம் அவர் வந்து கைகால் கழுவி உட்கார்ந்தார். அத்தை சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றினாள். எதிரே உட்கார்ந்தாள்.

"இவளும் சாவப் போறாளேன்னு நான் பாத்துக்கினு கெடந்தேன். எதிர்ல ஒக்காந்து நீ சோறு துன்னுக்கினு இருந்தே" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

அவர் சாப்பிடாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். வாசலைத் தாண்டும்போது என்னிடம் மட்டும், "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றார்.

அதன் பிறகு சாயம் வீட்டில் ஒளிவுமறைவில்லாத வேலையாயிற்று. பீபியம்மா சொன்னதையெல்லாம் அத்தை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பச்சை மாறாத பொடியாகப் பார்த்து வாங்கினாள். அவுரி போட்ட தலையைப் பழந்துணியால் கட்டி, இரண்டு நாள் நனையவிடாமல் காத்தாள். சவுக்காரம் போய்ச் சீயக்காய் வந்தது. அண்டா அடுப்பை விட்டு இறங்கியது. வேரில் வெள்ளை எட்டிப் பார்த்தால் அங்கே மட்டும் மருதாணி. மற்ற மயிருக்கு வெறும் அவுரி. மெள்ள மெள்ள என் பழைய பழுப்பு திரும்பி வந்தது.

"ஊருக்குப் பயந்து பூசிக்காதே" என்று ஒரு நாள் சொன்னாள். "நரையோட இருக்கணும்னா இரு. யாருன்னா கேட்டா நான் பேசிக்கறேன். செவப்பு மட்டும் வேணாம். அத என்னால பாக்க முடியாது."

ஆனாலும் காலையில் வாசல் வெளிச்சத்தில் என் தலையை ஒரு தடவை திருப்பிப் பார்க்காமல் அவளுக்கு வேலை ஓடாது. மகனோடு மட்டும் வெகுகாலம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் சமாதானம் சொல்லப் போகவில்லை.

முதல் குழந்தை பிறந்த பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டேன். "ஏன் நீங்க சொல்லவே இல்ல?"

"முடின்னு பேச்செடுத்தா அக்கா பேச்சு வரும். அம்மாகிட்ட அக்கா பேர எடுக்க எனக்கு பயம்" என்றார்.

அதை நான் நம்பினேன். அவருக்காக வருத்தமும் பட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் எது நடந்தாலும், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும் சரி, அப்பாவின் உடல்நிலை மோசமென்று வேலூரிலிருந்து ஆள் வந்தாலும் சரி, நான் நேரே அத்தையிடம்தான் போய்ச் சொல்வேன். அவர் சொல்வார் என்று நான் காத்திருந்ததே இல்லை.