வெள்ளிக்கிழமை விரதக்காரி

கழுத்தில் தொங்கிய சின்னச் சிலுவையைப் பார்த்ததுமே எனக்கு அந்த அம்மாள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. தொண்ணூறுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரி. வயிற்றுவலி என்று போன என்னைப் பார்த்த டாக்டர், "வயித்துல ஒண்ணுமில்லம்மா, மாடியில கவுன்சிலர் இருக்காங்க, பேசிட்டுப் போங்க" என்றார். கவுன்சிலர் என்றால் எங்களுக்கெல்லாம் வார்டு கவுன்சிலர்தான். வயிற்றுவலிக்கு அவரிடம் என்ன பேச்சு என்றுதான் படியேறினேன். அங்கே இருந்தவர், மனக்கஷ்டங்களுக்கு ஆலோசனை சொல்லும் அந்தச் சிலுவைக்கார அம்மாள்.

வீட்டில் அப்போது பெரிய பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. சாமான் அறையில் வெல்லம், பொரிகடலை, முறுக்கு எல்லாம் மாயமாய்க் குறைந்தன. செம்பட்டியிலிருந்து என்னைப் பார்க்க வரும் என் அம்மாவிடம் நான் கொடுத்தனுப்புகிறேன் என்பது மாமியாரின் முடிவு. அம்மா கிளம்பும்போதெல்லாம் அத்தையின் கண் அவள் பையைத் துழாவும்.

தின்றது நான். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை என்று ஒரு விரதம் விடமாட்டேன். "எம் மருமக பச்சத்தண்ணி பல்லுல படாம இருப்பா" என்று அத்தை தெருவெல்லாம் பெருமை பேசுவார். மறுநாள் மதியம் எல்லாரும் கண்ணயர்ந்ததும் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். நின்றுகொண்டே, மெல்லக்கூட நேரமில்லாமல் அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்வேன். வயிறு வலித்தால்தான் கை நிற்கும். பிறகு அருவருப்பு, அழுகை, அடுத்த விரதத்தை இன்னும் கடுமையாக இருப்பதாக ஒரு சபதம். இத்தனையையும் வெளியே சொல்வதற்குப் பதில், அம்மா வீட்டுக்குக் கடத்துகிறவள் என்ற பெயரே மேல் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விரதத்துக்கு மறுநாள் வயிற்றுவலி என்று டாக்டர் எழுதியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, அந்த அம்மாள் எடுத்த எடுப்பில், "கதவச் சாத்திக்கிட்டுத்தான சாப்பிடுறீங்க?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தை முன்னாலேயே வந்து பேசிவிட்டுப் போயிருப்பாரோ? "யார் சொன்னா ஒங்களுக்கு?"

"யாரும் சொல்லலம்மா. இந்தக் கஷ்டம் உள்ளவங்க அநேகம் பேரு அப்பிடித்தான்."

அதற்குப் பின்னும் போனேன். அவர் மேசை இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் பைபிள் வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மூக்குக்கண்ணாடிதான் வரும். ஒருநாள், "கொஞ்ச காலத்துக்கு விரதம் வேணாம். மூணு வேளையும், நாலு பேரு பாக்குற எடத்துல ஒக்காந்து சாப்பிடுங்க" என்றார்.

அவர் குட்டைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். "விரதத்த விடச் சொல்றீங்க. அடுத்து ஜெபத்துக்கு வரச் சொல்வீங்களோ?"

அவர் கோபப்படவில்லை. "தவக்காலத்துல நானும் ஒருவேளை சாப்பாட்டோட ஒருசந்தி இருக்கிறவதாம்மா. எந்தங்கச்சிக்கு இப்பிடி இருந்தா அவளையும் இருக்க விடமாட்டேன். பட்டினி போட்டா மறுநா ஒடம்பு பழிவாங்கிரும்."

பாதிதான் நம்பினேன். ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்காரருக்கும் அத்தைக்கும் இட்லி வைத்துவிட்டு, எனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஏம்மா, இன்னைக்கு வெள்ளிக்கெழம" என்றார் அத்தை.

"தெரியும் அத்த. இனிமே விரதம் இல்ல." இட்லியைப் பிட்டபடியே சொன்னேன். "சாமான் ரூம்புல கொறஞ்சது எதுவும் எங்கம்மா கொண்டு போகல. அம்புட்டையும் நாந்தான் தின்னேன்."

வீட்டுக்காரர் சட்னியைத் தொட்ட கையோடு நிமிர்ந்தார். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"ஆத்தாவக் காப்பாத்த இப்பிடியா பொய் சொல்லுவ? அம்புட்டு வெல்லத்த ஒருத்தி திங்க முடியுமா? அதுவும் விரதம் இருக்குறவ?"

யாரிடமும் சொல்லாமல் பொத்திவைத்த அசிங்கத்தை எடுத்து வைத்தால், அது பொய்யாம். ஆத்திரத்தில் இன்னும் ஐந்தாறு இட்லியை உள்ளே தள்ளியிருப்பேன். ஆனால் அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு நிறைந்தது தெரிந்தது, எழுந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அத்தை என்னைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். அந்த அம்மாள் கேட்ட நாலு பேருக்கு அவர் ஒருவரே போதும். இடையிடையே சறுக்கினாலும், மாதங்கள் போகப் போக மதிய நேரத்தில் அந்தக் கதவு என்னை இழுப்பது குறைந்தது.

இதற்கிடையே அத்தையின் பேச்சு என் அம்மா காதுக்குப் போய்விட்டது. அவள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினாள். திண்டுக்கல் வந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். நான்தான் தின்றேன் என்று அவளிடம் சொன்னேன். தலையைத் தடவிக் கொடுத்தாளே தவிர, வீட்டுக்கு வர மட்டும் சம்மதிக்கவில்லை.

ஒரு தீபாவளி முடிந்து வாரக்கணக்காகியும் முறுக்கு டப்பா பாதிக்குமேல் இருந்தது. அதைத் திறந்து என் முன்னால் வைத்தார் அத்தை.

"பாத்தியா? ஒங்காத்தா வரத்து நின்னதும் சாமான் அப்பிடியே நிக்கிது."

நான் குணமானது என் அம்மாவுக்கு எதிரான சாட்சியாகிப்போனது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் போல வெறி வந்தது. போகவில்லை. அத்தை பார்க்கப் பார்க்க, அந்த டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.