ஒரே நாற்காலி, இரண்டு பெயர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், கணபதி பகுதியில் என் அறைக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர் வந்தது. ஞாயிறு காலைகளில் எனக்கு அங்கேதான் வாசம். ஒரு இணையதளத்தில் வாரம் ஒரு சதுரங்கப் புதிர் போடுவார்கள். சரியாக விடுவித்தவர்களின் பெயர் மறுவாரம் திரையில் வரும். அதே தளத்தில் அரசியல் பேசவும் ஒரு பக்கம். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தட்டி அங்கே நான் நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

முதல்முறை என் பெயர் வந்ததும், சோமனூரில் தறி ஓட்டும் அம்மாவைக் கூட்டிவந்து, ராணியைக் கொடுத்து ஜெயித்த கதையைச் சொல்லிக் காட்டினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். திரையில் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க வேற என்ன பண்ணுவே கண்ணு?" என்றாள்.

கூட்டணி மாறுகிறவர்களுக்கு யாரும் ஓட்டுப் போடக் கூடாது என்று நான் எழுதியிருந்ததைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

"மாறாம இருந்தவன் தறிக்குக் கரண்டு குடுத்தானா? நாஞ் சொல்றத எழுது."

"இது என் பேர்ல போகும்மா."

"அப்ப எனக்கொரு பேரு வாங்கு."

'சோமனூர்க்காரி' என்று பதிந்தேன். அவள் சொல்லச் சொல்ல எனக்கு எதிராக நானே தட்டினேன். பிறகு, 'அம்மா' என்றே விளித்து என் பதில். அதற்கு அவள் பதில். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி.

"ஏனுங்க, இதே சண்டைய ஊட்டுல போட்டா காசு மிச்சமுங்க" என்றார் சென்டர்க்காரர்.

பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க மறுவாரம் அம்மா தானே பஸ் ஏறி வந்துவிட்டாள். தளத்தை நடத்துபவரின் செய்திதான் காத்திருந்தது. ஒரே ஆள் இரண்டு பெயரில் எழுதுவது தெரிகிறதாம். இரண்டையும் நீக்கப்போகிறாராம், புதிர்ப் பட்டியலிலிருந்தும். எந்த அம்மா இப்படியெல்லாம் அரசியல் பேசுவார் என்று வேறு கேட்டிருந்தார். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பட்டியலில் என் பெயர் வந்தே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"எழுது" என்றாள் அம்மா.

"ஏனுங்க, நாந்தான் இவனப் பெத்தவ. அரசியல்ல இவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா அந்த ஆட்டத்துல ராணியக் குடுத்துப்போட்டு செயிச்சது இவன் சொந்தப் புத்திங்க. வேணும்னா எம்பேர எடுத்துப்போடுங்க, இவன் பேரு இருக்கட்டுமுங்க."

ஒரு வார்த்தை மாற்றாமல் அனுப்பினேன். அரை மணியில் பதில் வந்தது: "இரண்டு பெயரும் இருக்கட்டும் அம்மா. கரண்டு விஷயத்தில் நானும் உங்கள் கட்சி."

எனக்கு உயிர் வந்தது. அம்மா அதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முக்கால் நாற்காலியைப் பிடித்துவிட்டாள்.

"மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு பாரு."

அந்த வாரப் புதிரை என்னால் திறக்கவே முடியவில்லை.