வெள்ளைத்துரை சொன்ன வார்த்தை

தியாகராய நகர் ஜவுளிக் கடையில் சேலை விரித்துப் போடுகிறவனாக இருந்தேன். பேர் சண்முகவேல், ஊர் நாங்குநேரிப் பக்கம். காப்பியில் சர்க்கரை இல்லையென்றால்கூட வீட்டில் சொல்லத் தைரியமில்லாமல் அப்படியே குடித்துவிடுகிற ஆள். எழுபத்திரண்டில் நான்தான் ஒரு கொலை செய்தேன்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து என் மனைவி தங்கபுஷ்பம் முழுகாமல் இருந்தாள். கடையில் பக்கத்தில் நிற்கிற வெள்ளைத்துரை, ஊர்க்காரன்தான், தீபாவளிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சிரித்தான்: "அண்ணாச்சி, பிள்ளை என் ஜாடையில பொறந்தா கோவிச்சுக்கப்படாது."

என் கையில் துணி அளக்கிற இரும்புக் கம்பி. அடுத்து எனக்கு நினைவிருப்பது, கீழே கிடந்தவனை "துரை, எந்திரிலே" என்று நான் உலுக்கியதுதான்.

திட்டம் போட்டுக் கொன்றேன் என்றார் அரசு வக்கீல். பனகல் பார்க்கில் இறங்க நினைத்துத் தேனாம்பேட்டையில் இறங்குகிறவன் நான். கேட்கக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

என் வக்கீல் சர்தார் வேறு வழி சொன்னார். "திடீர்னு ஒருத்தனுக்குக் கடுமையா ஆத்திரம் மூட்டி, அவன் தன்னிலை இழந்து செஞ்சா, சட்டம் அதைக் கொலைன்னு சொல்லாது. தூக்குக்குத் தப்பலாம். ஆனா கடைக்காரங்க எதுவும் காதுல விழலைங்கிறாங்க. அந்த வார்த்தையை நீங்களே கூண்டுல நின்னு சொல்லணும்."

கடையில் நாலு பேர் காதில் அது விழுந்ததற்குத்தான் அடித்தேன். இனி அதை நானே ஊருக்கு அறிவிக்க வேண்டுமாம். முடியாது என்றேன்.

கைக்குழந்தையோடு தங்கபுஷ்பம் ஜெயிலுக்கு வந்தாள்.

"சொல்லிருங்க."

"பேப்பர்ல வந்துரும் புள்ள."

"வரட்டும். எனக்கென்ன, படிக்கவா தெரியும்?"

சொன்னேன். முதல் தடவை குரல் எழும்பவில்லை. "உரக்க," என்றார் ஜட்ஜ். உரக்கவே சொன்னேன். பின் பெஞ்சில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் தலை குனியாமல் என்னையே பார்த்தாள். நான்தான் குனிந்துகொண்டேன்.

ஐந்து வருஷம் கிடைத்தது. வெளியே வந்ததும் மாம்பலத்தில் வெள்ளைத்துரை மனைவி இசக்கியம்மாளைத் தேடிப் போனேன். வாசலிலேயே கேட்டாள்:

"கோவத்துல புத்தி தெரியாமச் செஞ்சேன்னு கோர்ட்டுல சொல்லிட்டீங்க, அண்ணாச்சி. இப்போ தெளிவாத்தானே வந்திருக்கீங்க? எங்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

கோர்ட்டில் எனக்காகப் பேச சர்தார் இருந்தார். இங்கே கையில் ஓர் ஆப்பிள் பைதான் இருந்தது. சற்றுப் பார்த்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். பையைக் கதவோரம் வைத்தேன். அது தப்போ என்று பட்டது, எடுத்துக்கொண்டேன். தெருமுனை போனதும் எடுத்ததுதான் தப்பென்று பட்டது. திரும்பிப் போகத் தைரியமில்லை.