தலைவரின் சொந்த எலும்பு

என் வீட்டுக்காரர் வேலாயுதம் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். ரயில்வே ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. ஓய்வு பெற்ற மறுமாதமே எங்கள் தெருக்கோயிலுக்குத் தலைவர். பிறரைத் திருத்துவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. பாயசத்துக்கு வாங்கிய ஜவ்வரிசிப் பாக்கெட்டைக்கூட, மாட்டுக் கொழுப்பு ஏதும் கலக்காத சுத்தமான சரக்குதானா என்று மூக்குக்கண்ணாடி போட்டு முழுக்கப் படித்துவிட்டுத்தான் அடுப்படிக்கு அனுப்புவார்.

அந்தச் சுத்தம்தான் எங்கள் வீட்டைப் பிரித்தது. ஒரே மகள் ஷாமினி ஒரு சீனப் பையனைக் கட்டிக்கொண்டு சுபாங் ஜெயாவில் இருக்கிறாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் அவர்கள் வீட்டு ஐஸ்பெட்டியைத் திறந்தவர் மாட்டிறைச்சிப் பாக்கெட்டைப் பார்த்துவிட்டார். ஆச்சு, நாலு வருடம். பேரன் பிறந்தநாள் என்றாலும் இவர் கீழே காரிலேயே ஏர்கோன் போட்டு உட்கார்ந்திருப்பார். நான் மட்டும் மேலே போய்ச் சாப்பிட்டு வருவேன். ஷாமினி மாட்டிறைச்சியை நிறுத்தினாள். சட்டிபானைகளைத் தேய் தேய் என்று தேய்த்தாள். "பட்டது பட்டதுதான்" என்றுவிட்டார் மகராசன். அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்து அவர் ஒரு வாய் சோறு தின்ன வேண்டும். எனக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

போன வருடம் கோயில் கூட்டத்தில் "சுத்தம்!" என்று மைக்கில் அழுத்திச் சொன்னார். மேல் பல் செட் கழன்று முன்வரிசை வீரம்மா மடியில் போய் விழுந்தது. அந்தம்மா போட்ட கூச்சலில் கூட்டமே கலைந்தது. மறுநாளே பங்சாரில் பல் டாக்டர் ராஜினியிடம் போய் நின்றோம்.

"அங்கிள், எலும்பு கரைஞ்சி போச்சி. இம்ப்ளாண்ட் பல் வெச்சா நிக்காது. முதல்ல எலும்பு வளர்க்கணும். மாட்டு எலும்புத் தூள் இருக்கு..."

"சிவ சிவா!"

"பன்னி எலும்பு?"

காதைப் பொத்திக்கொண்டார்.

"அப்போ இறந்தவங்க தானமா குடுத்தது?"

இவர் குரலைத் தாழ்த்தி, "என்ன ஆளுங்க?" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

கடைசியில் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டாள் அந்தப் பெண். இடுப்பெலும்பில் ஊசி போட்டுக் கொஞ்சம் எடுப்பார்களாம். அதிலுள்ள செல்லைப் பரிசோதனைக் கூடத்தில் பெருக்கி, சின்ன சல்லடை மாதிரி ஒன்றில் ஏற்றி, ஈறுக்குள் வைத்துத் தைப்பார்களாம். ஆறு மாதத்தில் அங்கே புது எலும்பு. இவருக்குத் தலைகால் புரியவில்லை. கிள்ளானில் ஒரு கல்யாண வீட்டில் இடுப்பைத் தட்டித் தட்டிக் காட்டினார்: "இங்கேருந்து எடுத்தது லா. என் சொந்த எலும்பு. கலப்படமே கிடையாது."

ஜவ்வரிசிப் பாக்கெட்டைப் படிக்கிற மனுஷன், ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்த பதினாலு பக்கச் சம்மத ஃபாரத்தில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டார். தையல் போட்டு வீட்டுக்கு வந்த பிறகு அதன் நகலை நான்தான் உட்கார்ந்து படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது விஷயம். வாயைத் திறக்கவில்லையே நான்! எலும்பு நன்றாகப் பிடிக்கட்டும் என்று ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

எக்ஸ்ரேயில் எலும்பு அருமையாக வளர்ந்திருந்தது. இவர் பூரித்துப் போய் உட்கார்ந்திருக்கையில், ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்: "டாக்டர், பரிசோதனைக் கூடத்தில வளரும்போது அந்த செல்லுக்கு என்ன சாப்பாடு?"

"கன்னுக்குட்டி ரத்தத்திலேருந்து எடுக்கிற சீரம், ஆன்டி. ஃபாரத்தில இருக்கே."

இவர் கை தானாக வாய்க்குப் போனது.

"எடுத்துடலாமா?"

"எடுக்கலாம் அங்கிள். ஆனா அப்புறம் இம்ப்ளாண்ட் வைக்க முடியாது."

அடுத்த மாதம் கோயில் தேர்தல். மைக் முன்னால் நிற்க வேண்டும். இவர் எக்ஸ்ரேயை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

"வைக்கிறதுக்கு முன்ன கழுவினாங்களா?"

"நல்லா கழுவித்தான் வெச்சாங்க."

"கழுவிட்டா சரிதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! "ஷாமினியும் சட்டியைக் கழுவினாளே! நாலு வருஷமா கழுவிக்கிட்டேதாங்க இருக்கா எம்பொண்ணு!"

காரில் ஏறினோம். சுபாங் ஜெயாவுக்கு விடுங்க என்றேன். விட்டார். என் பின்னால் லிஃப்ட்டில் ஏறினார்.

ஷாமினிக்குக் கைகால் ஓடவில்லை. சோறும் பருப்பும் பரிமாறினாள். அவர் முதல் வாய் வைத்தார். என் சந்தோஷத்தில் நான் சும்மா இருக்க வேண்டாமா? ஃபாரம், சீரம், கழுவினது எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிட்டேன். விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "நாலு பல்லுக்காகப் பரவால்லன்னு விட்டுட்டீங்க. எனக்காக விட முடியலையாப்பா?"

அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். தலை குனிந்தபடி அதையும் சாப்பிட்டு முடித்தார். எனக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை.