பாவாயி பேரில் ஒரு கணக்கு

சிறுசேமிப்பு ஏஜெண்டுக்குச் செருப்பு தேயறதுக்கு முன்னாடியே பொறுமை தேஞ்சுபோயிரும். எழுபதுகளின் கடைசியில திருச்செங்கோடு, பள்ளிபாளையம் பக்கம் ரெக்சின் பையைத் தூக்கிட்டு வீடுவீடாப் படியேறின பெண் ஏஜெண்டுகளே, உங்களுக்கு நான் புதுசா என்னத்தைச் சொல்லப்போறேன்? என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கறேன், அவ்வளவுதான்.

இல்லாத வரி

"வரி மிச்சம்னு சொல்லுங்க, சனங்க ஓடி வருவாங்க"ன்னு பயிற்சி வகுப்புல ஒரு அதிகாரி சொல்லி அனுப்பினாரு. அந்த மகராசன் ஒரு நாளாவது வெயில்ல நடந்திருப்பாரா? நாமக்கல் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்துக்காரர்கிட்டப் போய், தபால் ஆபீஸ்ல பதினஞ்சு வருசக் கணக்கு, போடற பணத்துக்கு வரிச்சலுகை, வட்டிக்கும் வரி கிடையாதுன்னு மூச்சு விடாம ஒப்பிச்சேன். மனுசன் எல்லாத்தையும் கேட்டுட்டு மோர் குடுத்தாரு.

"தோட்டத்து வருமானத்துக்கு வரியே இல்லீங்க அம்மிணி. இல்லாத வரிய எப்படி மிச்சம் புடிப்பீங்க? எம்பட பங்காளி ரிக் வண்டி வெச்சிருக்கான். அவந்தான் வரிக்குப் பயந்து சாவறான், அங்க போங்க."

ஆளுக்கு ஒண்ணு

போனேன். ஊர் ஊராப் போய் போர் போடற ரிக் வண்டி அது. பங்காளி தன் பேர்ல ஒரு கணக்குத் தொடங்கினாரு. வருசத்துக்கு இவ்வளவுதான் போடலாம்னு வரம்பு உண்டு, அது பத்தலையாம். இனிஷியலை மாத்தி இன்னொண்ணு போடுங்கன்னாரு. ஒரு ஆளுக்கு ஒரு கணக்குத்தான், மாட்டினா ரெண்டாவதுக்கு வட்டியே வராதுன்னேன். அப்பத்தான் அவருக்குப் பொண்டாட்டி ஞாபகம் வந்துச்சு.

பாவாயி அக்கா ஆறு எருமை கறந்து பால் சொசைட்டிக்கு ஊத்திட்டிருந்தாங்க. அந்தப் பால் பணத்தையே அவங்க பேர்ல போடறதுன்னு முடிவாச்சு. ஃபாரம் முழுக்க இங்கிலீஷ். அக்காவுக்குத் தமிழ்ல படிச்சுச் சொல்லலாம்னு வாயெடுத்தேன், அவர் விடல. எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. ஆனா கமிஷன் வேணுமே! வாயை மூடிக்கிட்டு, கையெழுத்துப் போடற இடத்துல பென்சில் புள்ளி வெச்சேன். இன்னைக்கு நினைச்சாலும் என்மேலயே ஆத்திரமா வருது. அவர் சொன்னது இதுதான்:

"பேருதான் அவளுது, பணம் எம்பட பணம். அவளுக்கு எதுக்குங்க வெளக்கம்?"

எல்லாம் ஒண்ணுதான்

ஏழாவது வருசம். கணக்குல ஒரு பங்கை எடுத்துக்கலாம்னு விதி. பழைய ரிக் கடன்ல முங்கிக் கிடக்குது, இவருக்கு ரெண்டாவது ரிக் வாங்க ஆசை. வீட்ல ஒரு வார்த்தை கேட்கல. அக்கா கையெழுத்தைத் தானே கிறுக்கி, என்னையும் கூட்டிட்டுப் போய்த் தபால் ஆபீஸ்ல நீட்டிட்டாரு. கிளார்க் ஒத்துப் பார்த்துட்டு ஃபாரத்தைத் தூக்கி எறிஞ்சாரு. எறிஞ்சது அவர் பக்கம், திட்டு விழுந்தது எனக்கு: ஏஜெண்டுன்னா இதைக்கூடப் பார்க்க மாட்டியான்னு. அத்தனை பேர் முன்னால கூசிப்போய் நின்னேன். வெளியில வந்ததும் அந்த ஆள் என்கிட்டயே பேனாவை நீட்டறாரு!

"நீங்களே ஒண்ணு போட்டு உடுங்க அம்மிணி. பொம்பள கையெழுத்துத்தானே, எல்லாம் ஒண்ணுதான்."

இந்தத் தடவை படிச்சேன்

வந்த கோவத்துல நேரா அவர் வீட்டுக்கே போனேன். அவரும் பின்னாலேயே வந்து, "போடு புள்ள, நேரமாச்சு"ன்னு அக்காவை அதட்டினாரு. நான் அசையல. ஃபாரத்தையும் பாஸ்புக்கையும் ஒரு வரி விடாம, சத்தமாத் தமிழ்ல படிச்சேன். ஏழு வருசப் பால் பணம் எவ்வளவு ஆயிருக்குன்னு அக்காவுக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

"நான் போடலீன்னா?"ன்னு கேட்டாங்க.

"ஒருத்தரும் எடுக்க முடியாதுக்கா. கடன்காரன் கோர்ட்டுக்குப் போனாலும் இதுல கை வைக்க முடியாது."

பேனாவை மூடி என் பையில போட்டுட்டு, புருசனைப் பார்த்தாங்க.

"எருமை எம்பட, கறந்த கை எம்பட, பேரும் எம்பட பேராமுங்க. நான் போடமாட்டேனுங்க."

இத்தனை வருசம் அலைஞ்சதுல, வரிக்குப் பயந்து புருசன்மாரு எழுதி வெச்சதைத் தவிர, பொம்பளை பேர்ல காசு சேர்ந்து நான் பார்த்ததே இல்லீங்க.