நாலு இலக்க மரங்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில், சிராங்கூனில் எங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடியது. மழை பெய்தால் மேட்டு மண் அத்தனையும் அதில் இறங்கி, தண்ணீர் இழுத்து ஆற்றிய பால் தேநீர் போல, தே தாரிக் நிறத்தில் போகும். கரையில் மரம் நட்டு மண்ணைப் பிடித்து வைக்க எங்கள் குடியிருப்பாளர் குழுவுக்கு மானியம் கிடைத்தது. அரசு லாட்டரி லாபத்திலிருந்து வந்த பணம். பாதி உடனே கொடுத்தார்கள். ஆண்டுக் கடைசி மழைக்காலம் முடிந்தபின் கன்றுகள் பிழைத்திருந்தால்தான் மீதி. அது வந்தால்தான் மேல்கரையை முடிக்க முடியும்.

நான்தான் குழுச் செயலாளர். சூதாட்டம் என்றாலே முகம் சுளிக்கிற கிறிஸ்தவ சபையில் வளர்ந்தவன். அந்தப் பணத்தைத் தொடலாமா என்று இரண்டு வாரம் மண்டையைக் குழப்பிக்கொண்டேன்.

"நீங்க வேணாம்னா அது என்ன, சர்ச்சுக்கா போகப்போகுது? வாங்கி மரத்த நடுங்க லா" என்றாள் மனைவி.

வாங்கினேன். எனக்கு ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை. அங்கேயே தகரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, கன்றுக்கு ஒன்றாக எண் பொறித்துக் கட்டினேன். மூன்றாம் வரிசையில் ஐந்தாவது கன்று என்றால் 0305. எனக்கு ஒரே பெருமை. நாலு இலக்க எண்ணைப் பார்த்தால் சிங்கப்பூரில் யாருக்கும், நாமே ஓர் எண்ணைச் சொல்லிப் பணம் கட்டுகிற நாலு இலக்க லாட்டரிதான் நினைவுக்கு வரும். எனக்கு மட்டும் உறைக்கவில்லை.

தண்ணீர் ஊற்ற ஆள் கூப்பிட்டு வீடு வீடாகப் போனேன். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் வரவில்லை. வேலை முடிந்து வந்து வாளியும் கையுமாக நான் மட்டும் ஏறி இறங்கினேன். வெயிலில் கன்றுகள் வாடத் தொடங்கின.

அப்போதுதான் மூன்றாம் மாடி பஸ் டிரைவருக்கு 0712-இல் பரிசு விழுந்தது. எண்ணை எங்கே பிடித்தாய் என்று கேட்டவர்களிடம், மனிதர் ஓடைக்கரையைக் காட்டிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் கரை முழுக்கக் கூட்டம். தகரத்தைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள், கன்றுகளை மிதித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. அத்தனை பேரையும் ஓடையில் தள்ளிவிடலாம் என்றிருந்தது.

என் பக்கத்தில் ஓர் அம்மாள் தகரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பிடுங்காதீங்க. மரம் செத்துப்போனா நம்பரும் செத்துப்போயிடும்" என்றேன். வாயில் எப்படி வந்ததோ தெரியாது.

"நெசமாவா தம்பி?"

"அந்த 0712-ஐப் பாருங்க. எப்படித் தளதளன்னு நிக்குது."

அது தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்ற கன்று. அதை நான் சொல்லவில்லை. அவர் கையை எடுத்துவிட்டு எல்லோரிடமும் போய்ச் சொன்னார்.

மறுநாள் காலையிலேயே வாளிகள் வந்துவிட்டன. ஆளுக்கொரு கன்று. பிய்த்த தகரமெல்லாம் திரும்பி வந்தது. சாய்ந்ததை நிமிர்த்திக் குச்சி நட்டார்கள். எதிர் வீட்டுச் சீனர் இறால் ஓடு கொண்டுவந்து உரம் போட்டார். 0712-க்கு யாரோ குங்குமமே வைத்துவிட்டார்கள். அதன்பிறகு ஒருவருக்கும் பரிசு விழவில்லை. ஆனாலும் யாரும் வராமல் இருக்கவில்லை. ஞாயிறு ஜெபத்தில் அந்தப் பொய்க்காக மன்னிப்புக் கேட்டேன், அதுவும் சந்தோஷமாகத்தான்.

மழைக்காலம் முடிந்ததும் மானிய அதிகாரி வந்தார், தமிழர்தான். வரிசை வரிசையாக எண்ணிப் பார்த்தார். ஒரு கன்றுகூடப் பட்டுப்போகவில்லை. முதல் நாள் மழை கொட்டியிருந்தும் ஓடையில் அடிமணல் தெரிந்தது. மீதிப் பணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"ஒண்ணு மட்டும். மேல்கரைக்கு இந்த நம்பரெல்லாம் வேணாம், மரத்தோட பேரை எழுதிக் கட்டுங்க. ஜனங்க இதப் பாத்து லாட்டரி எடுக்கிறாங்களாமே?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், வேணும்னா பணத்துல கொஞ்சம் கொறைச்சுக்குங்க. நம்பர்ல மட்டும் கை வைக்காதீங்க."