சிவகாமி மிஸ்ஸி கேட்ட அட்டை

செய்தி தொலைபேசியில் வந்தது. எழுவைதீவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சிவகாமி மிஸ்ஸி காய்ச்சலில் மயங்கி, படகில் ஏற்றப்பட்டு, கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாராம். போட்டது அவருக்கு ஆகாத ஊசி. போட்டவர்களில் பிழையில்லை. அவர்களுக்கு யார் சொன்னது?

எங்கள் ஊர்த் தாதியான அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள் எங்களில் குறைவு, பேச்சு வாங்காதவர்கள் அதிலும் குறைவு. நோயாளர் பாதுகாப்புக்கென்று தாதிய மாணவர்கள் கொண்டுவரும் திட்டங்களுக்கு எங்கள் ஊர்ச் சங்கம், வெளிநாட்டிலிருக்கும் ஊரவர் அனுப்பும் பணத்தை வருடாவருடம் கொடுக்கிறது. தெரிவுக்குழுவில் மிஸ்ஸியும் இருந்தார், செயலாளராக நானும் இருந்தேன். போன வருடம் நாரந்தனையிலிருந்து வந்த மாணவி துளசி ஒரு திட்டம் கொண்டுவந்தாள். படகில் அனுப்பும் நோயாளியின் கையில் ஓர் அட்டை கட்டவேண்டும். கொடுத்த மருந்தும் ஆகாத மருந்தும் அதில் எழுதியிருக்கும். அவ்வளவுதான்.

"இதுக்குக் குடுங்கோ. மற்றதுகளைப் பிறகு பாப்பம்" என்றார் மிஸ்ஸி.

அட்டையில் உபயம் என்று எங்கே போடுவது என்று நான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மின்விசிறி இறக்கையில்கூடக் கனடாக்காரரின் பெயர் சுழலும் ஊர் எங்களுடையது. இன்னொரு மாணவனின் திட்டமான, நோயாளி விழாமல் இடுப்புப் பட்டி வைத்த தள்ளுகதிரைகளுக்குப் பணம் போனது. அவற்றின் முதுகு நல்ல அகலம்.

"ஏன் தம்பி, கதிரை முதுகில கிடக்கிற பேரை வாசிச்சோ டொக்டர் மருந்து குடுக்கிறது?" என்று மிஸ்ஸி எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. கூட்டக் குறிப்பில் அதை எழுதாமல் விட்டேன்.

மறுநாள் வீட்டுக்கே வந்தார். தேநீரைத் தொடவில்லை. "எனக்கே பென்சிலின் ஆகாது. அது ஆருக்குத் தெரியும்?" என்றார். அடுத்த வருடம் பார்ப்போம் என்றேன். ஆக, எனக்குத் தெரியும். ஊசி போட்ட இடத்தில் நான் இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் பணம் தரும் வெளிநாட்டுக்காரர் தொலைபேசியில் அழைத்தார்கள். மிஸ்ஸி ஞாபகமாக அந்த அட்டையையே அடிப்போம் என்று ஒரே பேச்சில் சம்மதம். முகப்பில் மிஸ்ஸியின் படம், கீழே உபயகாரர் பெயர்கள். மாதிரி வந்ததும் துளசியிடம் காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, ஆகாத மருந்து எழுதிற கோட்டைக் காணேல்லை."

வெளிநாட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். கோட்டுக்கு இடம்விடப் பெயர்களை எடுக்க ஏலாது என்றார்கள். மிஸ்ஸியென்றால் அட்டையைக் கிழித்து அவர்கள் முகத்தில் எறிந்திருப்பார். நான் அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் படத்தை மட்டும்தான்.